மறு: கப்பி வில் – ‘டியூனிங்’ என்பதற்கு ‘வாகமைப்பு’

கலைச்சொல் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

காம்பவுண்ட் வில்லுக்குச் சென்ற மாதம் ‘கப்பி வில்’ என்று முடிவு செய்தோம். எனக்கு அதில் மிகுந்த மகிழ்ச்சி. அமெரிக்காவின் மிசௌரியைச் சேர்ந்த ஹோலஸ் வில்பர் ஆலன் 1966இல் விண்ணப்பித்து 1969இல் காப்புரிமை பெற்ற அந்த வில்லுக்கு உயிரே இரு முனைகளிலும் இருக்கும் மையம் விலகிய கப்பிகள்தான். ‘கூட்டு வில்’ என்று வைத்திருந்தால் கொம்பும் நரம்பும் மரமும் ஒட்டிச் செய்த பழைய வில்லோடு குழம்பியிருக்கும். சரி, இப்போது ‘டியூனிங்’குக்கு, அதாவது அம்பு நேராகப் போகும்படி வில்லை நுட்பமாகச் சரிப்படுத்தும் வேலைக்கான சொல்லுக்கு, வருகிறேன்.

> ‘வில் சீரமைப்பு’ என்றே வைக்கலாமே. எல்லாருக்கும் புரியும்.

ஐயா, புரியும்தான். ஆனால் வேறொன்றாகப் புரிந்துவிடும் என்று அஞ்சுகிறேன். சாலை சீரமைப்பு, ஏரி சீரமைப்பு என்று படித்துப் பழகியவர்களுக்கு ஏதோ கெட்டுப்போனதைச் சரிசெய்கிறார்கள் என்றே தோன்றும். பெட்டியைப் பிரித்து அன்றுதான் எடுத்த புது வில்லுக்கும் இந்த வேலை உண்டு.

> யாழுக்கும் வில்லுக்கும் நாண் பொது. ‘சுருதி சேர்த்தல்’ பொருந்தாதா?

அம்மா, அழகான எண்ணம். சிலப்பதிகாரத்தில் யாழை ஆயத்தம் செய்வதற்கு வரும் ‘பண்ணல்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளலாமா என்று நானும் இரண்டு நாள் யோசித்தேன். இன்றைய வழக்கில் ‘வில் பண்ணல்’ என்றால் வில் செய்வது என்றாகிவிடும், மனமில்லாமல் விட்டேன். சுருதியில் எனக்குள்ள தடை வேறு. ஒருவர் சுருதி சேர்த்து வைத்த வீணையை இன்னொருவர் மீட்டினாலும் சுருதி இருக்கும். ஒருவருக்காக டியூன் செய்த வில்லை இன்னொருவர் கையில் கொடுத்தால் அம்பு வாலாட்டிக்கொண்டு போகும்.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சொல்லின் பொருள் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. ஒரு சட்டத்தில் தாளை இழுத்துக் கட்டி, ஆறடி தள்ளி நின்று அதன் ஊடே எய்வார்கள். அம்பு நேராகப் போனால் தாளில் உருண்டையாக ஒரு துளையும் அதைச் சுற்றி இறகுகள் வெட்டிய கோடுகளும் மட்டும் இருக்கும். வால் மேலே தூக்கியபடி போனால் கிழிசல் மேல்நோக்கி நீளும். அப்போது குதையை நாணில் சற்றே இறக்குவார்கள், அல்லது அம்புதாங்கியை ஏற்றுவார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத்தான் நகர்த்துவது. (அம்பில் நாண் பொருந்தும் பிளவுக்குக் ‘குதை’ என்று நம் அகராதிகளிலேயே சொல் இருக்கிறது. அதைப் புதிதாக ஆக்க வேண்டாம்.) மேல் கப்பியும் கீழ் கப்பியும் ஒரே நேரத்தில் சுற்றி முடிக்கின்றனவா என்றும் பார்ப்பார்கள். அதற்கு ‘ஒத்திசைவு’ என்ற சொல்லை ஒதுக்கிவிடலாம்.

கிழிசல் இடமாகவோ வலமாகவோ நீளும்போதுதான் சிக்கல். அது அம்புதாங்கியாலும் வரலாம், அம்புத் தண்டின் விறைப்பு வில்லுக்குப் பொருந்தாமலும் வரலாம், பிடியாலும் வரலாம். நான் கற்றுக்கொண்ட காலத்தில் பக்கக் கிழிசலைப் போக்க இரண்டு வாரம் அம்புதாங்கியையே நகர்த்திக்கொண்டிருந்தேன். ஒரு நாள் இடப்பக்கம் கிழியும், மறுநாள் வலப்பக்கம். பயிற்சியாளர் வில்லைத் தொடவே இல்லை. “மூன்று அம்பும் ஒரே மாதிரி கிழித்தால் வில்லைப் பார். மூன்றும் மூன்று மாதிரி கிழித்தால் உன் கையைப் பார்” என்றார். கையைப் பார்த்தேன். கம்பைப் பிடிப்பதுபோல் ஐந்து விரலாலும் இறுக்கிப் பிடித்திருந்தேன்.

வில்லைப் பிடிப்பது என்று சொல்கிறோமே தவிர, நல்ல வில்லாளி வில்லைத் தாங்கத்தான் செய்கிறார். கட்டைவிரலின் அடி மேட்டில், ஆயுள் ரேகைக்கு இப்பால் வில் அமர வேண்டும். விரல் கணுக்கள் ஏறக்குறைய 45 பாகை சாய்ந்திருக்க வேண்டும். விரல்கள் தளர்ந்திருக்க வேண்டும். எய்ததும் வில் விழுந்துவிடாமலிருக்க மணிக்கட்டில் ஒரு வார் போதும். ரேகையைத் தாண்டி உள்ளங்கைக்குள் வில் போய்விட்டால், கை அதை அறியாமலே பக்கவாட்டில் திருக ஆரம்பிக்கும். இழுக்க 60 பவுண்டு விசை வேண்டிய வில்லில், முழு இழுவையில் கப்பிகளால் அந்தப் பாரம் 80 விழுக்காடு குறைந்துபோனால் தாங்க வேண்டியது 12 பவுண்டுதான். அவ்வளவு இலேசாக நிற்கும் வில்லைத் திருப்புவது எளிது. நாணை விட்டதும் அந்தத் திருகல் அவிழும். அம்பு நாணை விட்டுப் போவதற்குள் நொடியில் நூறில் ஓரிரு பங்கு நேரம் இருக்கிறது. வாலை உதைத்துவிட அது போதும். 50 மீட்டரில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 8 சென்டிமீட்டர். நடுவைக் குறிபார்த்த அம்பு ஒரு பாகையில் இருபதில் ஒரு பங்கு விலகினாலே அந்த வட்டத்துக்கு வெளியே போய்விடும்.

ஆக, டியூனிங் என்பது வில்லுக்கும் அம்புக்கும் அந்த ஆளுக்கும் நடுவே நடப்பது. இதற்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு சொல் புழங்குகிறது: வாகு. ‘இந்த அரிவாள் எனக்கு வாகாக இல்லை’ என்று அறுப்புக்குப் போகிறவர் சொன்னால் அரிவாள் பழுது என்று பொருளா? அடுத்தவருக்கு அது வாகாக இருக்கலாம். கருவியில் மட்டும் வாகு இல்லை, கையில் மட்டும் இல்லை. இரண்டும் சேரும் இடத்தில்தான் இருக்கிறது. அதனால் ‘வாகமைப்பு’ என்பது என் பரிந்துரை. வினையாக ‘வில்லை வாகமைத்தாள்’ என்று வரும். தாளில் எய்து பார்ப்பது ‘தாள் சோதனை’. வீரவாகு என்ற பெயரில் வரும் வாகு தோளைக் குறிப்பது, வேறு சொல். வில்லாளியின் பக்கத்தில் அது வந்து நின்றாலும் கெடுதல் இல்லை.

> ‘கிரிப் டார்க்’குக்குக் ‘கைமுறுக்கு’ சரியாக வரும்.

கிரிப் டார்க் என்பது மேலே சொன்ன, பிடி வில்லைத் திருகிவிடும் கோளாறு. ‘கைமுறுக்கு’ என்பதில் ‘முறுக்கு’, ‘கை’ இரண்டுமே எனக்கு ஒப்பவில்லை. நாணுக்கும் கப்பிகளை இணைக்கும் கேபிளுக்கும் புரி ஏற்றுவதை ‘இரண்டு முறுக்கு கூட்டு’ என்கிறோம்; அது வேண்டுமென்றே செய்யும் வேலை. இங்கே நடப்பது வேண்டாத திருகல். டார்க்குக்குப் பாடநூலில் உள்ள ‘திருப்பு விசை’யைச் சேர்க்கலாம் என்றால் மைதானத்தில் கத்திச் சொல்ல முடியாத நீளமாகிறது.

‘கை’ ஏன் கூடாது என்பதற்கு ஜம்மு காஷ்மீரின் கிஷ்த்வாரைச் சேர்ந்த ஷீத்தல் தேவியை நினைத்துக்கொள்ளுங்கள். இரு கைகளும் இல்லாமல் பிறந்தவர். கப்பி வில்லை வலது காலால் பிடித்து எய்கிறார். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் ராகேஷ் குமாருடன் கலப்பு அணிப் பிரிவில் வெண்கலம் வென்றார். காலால் பிடித்தாலும் பிடி திருகினால் அம்பு விலகத்தான் செய்யும். நாம் ஆக்கும் சொல் அவரை வெளியே நிறுத்தக் கூடாது.

‘பிடித்திருகல்’ என்று எழுதிப் பார்த்தேன். வேகமாகப் படித்தால் கண் ‘பிடித்திருக்கு’ என்று எடுத்துக்கொள்கிறது. ‘திருகுபிடி’ என்றால் அந்தத் தொல்லை இல்லை. உடும்புப்பிடி, கிடுக்கிப்பிடி என்று பழகிய நாவுக்கு உடனே ஒட்டும். ‘திருகுபிடி இருக்கு, விரலைத் தளர்த்து’ என்று பயிற்சியாளர் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். எதிர்ச்சொல்லுக்குப் புதிதாக ஒன்றும் வேண்டாம். ‘வாகான பிடி’ போதும்.

2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் கப்பி வில் கலப்பு அணிப் போட்டியாக முதன்முறை வருகிறது. 2023இல் பெர்லினில் இந்தியாவின் அதிதி சுவாமியும் ஓஜஸ் தேவ்தளேயும் கப்பி வில் தனிநபர் பிரிவுகளில் உலகப் பட்டம் வென்றபோது எத்தனை இடத்தில் ஆங்கிலச் சொல்லையே அப்படியே போட்டு நகர்ந்தோம்! அடுத்த முறை நம்மிடம் சொல் தயாராக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

அப்புறம், ‘லெட்-ஆஃப்’ இன்னும் நிற்கிறது. முழு இழுவையில் பாரம் குறைவதற்குத் ‘தணிவு’, ‘இளக்கம்’ இரண்டும் மனத்தில் உள்ளன. ‘80 விழுக்காடு தணிவு’ காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் இளக்கம் என்பதில்தான் தோள் உணர்வது இருக்கிறது. வில் எய்யும் நண்பர்கள் யாராவது இழுத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்.