ஐம்பதை நெருங்கும்போது ஓவியம்: சேமிப்பை எடுத்துக்கொண்டு முழுநேரமாக இறங்கலாமா?

கரிக்கோடு:
வயது 48. படிக்கும் காலத்தில் நிறைய வரைந்தவன். பிறகு வேலை, குடும்பம் என்று அப்படியே விட்டுப்போயிற்று. சில வருடங்களாக மறுபடியும் வரைகிறேன். இரவில், எல்லாரும் தூங்கிய பிறகு. இப்போது ஒரு யோசனை வந்திருக்கிறது. ஓய்வுக்காலத்துக்கென்று சேர்த்து வைத்ததில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு, வேலையை விட்டுவிட்டு, இரண்டு வருடம் வரைவது மட்டும்தான் என்று உட்கார்ந்தால் என்ன? பெரிய கடன் இல்லை. மகளின் படிப்பு மட்டும் பாக்கி. இன்னொரு பக்கம் வெள்ளெழுத்து வந்துவிட்டது, வலது தோளும் வலிக்கிறது. இன்னும் பத்து வருடம் பொறுத்திருந்தால் கண்ணும் கையும் ஒத்துழைக்குமா என்ற பயம்தான் என்னை இப்படிக் கேட்க வைக்கிறது. வேலையை விடலாமா, இல்லை இருக்கிற வாழ்க்கைக்குள்ளேயே வரைந்துகொண்டிருப்பதா? மனதில் பட்டதை மறைக்காமல் சொல்லுங்கள்.

சிவப்பு மை:
விடுங்கள், இறங்குங்கள். இரவு பத்து மணிக்கு மேல் நீங்கள் வரைவது நாள் முழுக்கச் செலவழித்தது போக மிஞ்சிய கவனத்தை வைத்து. அனுபவத்தில் தெரிந்திருக்கும், உட்கார்ந்தவுடன் கை ஓடாது. முதல் அரை மணி நேரம் பழைய பழக்கத்தில் கோடு போகும். அதற்கு அப்புறம்தான் எதிரில் இருப்பதை நிஜமாகவே பார்க்க ஆரம்பிப்போம். அந்த நேரம் பார்த்துத் தூக்கம் வந்துவிடும். வருடக்கணக்கில் இப்படி முதல் அரை மணி நேரத்தையே திரும்பத் திரும்ப வரைந்துகொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். பால் கோகனைப் பாருங்கள். பங்குத்தரகு வேலையில் நன்றாகச் சம்பாதித்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் வரைந்தவர். 1882இல் பாரிஸ் பங்குச்சந்தை சரிந்தது, அதன் பிறகுதான் முழுநேர ஓவியர் ஆனார். சந்தை சரியாமல் இருந்திருந்தால் நமக்கு அந்தக் கோகன் கிடைத்திருக்கமாட்டார்.

தாழ்வாரம்:
கோகன் கதையைச் சொன்னால் முழுவதும் சொல்ல வேண்டும். மனைவி மெட்டே, ஐந்து பிள்ளைகள். பணம் தீர்ந்ததும் அவர் பிள்ளைகளோடு கோபன்ஹேகனில் தன் பிறந்த வீட்டை அண்டி வாழ வேண்டியதாயிற்று. 1885இல் கோகன் மகன் க்ளோவிஸை மட்டும் கூட்டிக்கொண்டு பாரிஸுக்குத் திரும்பினார். அந்தக் குளிர்காலத்தில் பையன் நோயில் விழ, அப்பா சுவரொட்டி ஒட்டிப் பிழைத்தார். ஓவியத்தின் பெருமையைப் பேசும்போது மெட்டே கொடுத்த விலை மட்டும் கணக்கில் வருவதே இல்லை. கரிக்கோடு சார், உங்கள் மகளின் படிப்பு பாக்கி இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். போகிற போக்கில் எழுதிய வரி மாதிரி இருந்தாலும், என் கண்ணுக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது.

உதாரணம்தான் வேண்டுமென்றால் ஆன்ரி ரூசோவை எடுத்துக்கொள்ளுங்கள். பாரிஸின் எல்லையில் சுங்கம் வசூலிக்கும் வேலை. வேலையில் இருந்துகொண்டே 1886 முதல் கண்காட்சிகளில் படம் வைத்தார். அவர் வரைந்த காடுகள் எதையும் அவர் நேரில் பார்த்ததில்லை. பாரிஸின் தாவரவியல் பூங்காவும் படம் போட்ட புத்தகங்களும் போதுமானதாக இருந்தன.

சிவப்பு மை:
ரூசோ எனக்குத்தான் சாட்சி. 1893இல், 49 வயதில், வேலையிலிருந்து விலகிவிட்டார். முதல் காட்டுப் படம் 1891இல் வந்தது உண்மை, ஆனால் அடுத்தடுத்துக் காடுகளாக வரைந்தது வேலையை விட்டுப் பல வருடம் கழித்து. 48இல் நிற்கும் ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் யார்?

தாழ்வாரம்:
அவருக்குச் சின்னதாக ஒரு ஓய்வூதியம் வந்துகொண்டிருந்தது. அதுவும் போதாமல் வயலின் சொல்லிக்கொடுத்தார், தெருவில் வாசித்தார். இவர் கேட்பது, வரப்போகும் ஓய்வூதியத்தையே இப்போது எடுத்துச் சாப்பிடலாமா என்று. இரண்டும் ஒன்றில்லை.

தூரக்கண்ணாடி:
பண விஷயத்தில் நான் தலையிடவில்லை. கண்ணைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் கரிக்கோடு அந்தப் பயத்தை வைத்து அவசர முடிவு எடுக்கப் பார்க்கிறார்.

வெள்ளெழுத்து என்பது கண்ணின் வில்லை இறுகி, பக்கத்தில் இருப்பதைக் குவிக்க முடியாமல் போவது. நாற்பதுகளில் எல்லாருக்கும் வரும். அறுபது அறுபத்தைந்து வாக்கில் அது ஒரு நிலைக்கு வந்து நின்றுவிடும், தேய்ந்துகொண்டே போய்ப் பார்வையைப் பறித்துவிடாது. கண்ணாடி மாற்றினால் தீரும். ஆனால் எந்தக் கண்ணாடி என்பதில்தான் வரைகிறவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். படிக்கிற கண்ணாடி ஏறக்குறைய 40 சென்டிமீட்டர் தூரத்துக்காகச் செய்தது. நிறுத்தி வைத்த பலகையில் வரையும்போது தாள் கை நீளத்துக்கு, அதாவது 60, 70 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும். படிக்கிற கண்ணாடியில் அது மங்கலாகத்தான் தெரியும். உடனே தலையை முன்னால் நீட்டுவோம், தோளைத் தூக்குவோம். உங்கள் தோள்வலியில் பாதி இதனால்கூட இருக்கலாம். டேப்பை எடுத்துக் கண்ணுக்கும் தாளுக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்து கண் மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்தத் தூரத்துக்கென்று தனியாக ஒரு கண்ணாடி எழுதிக் கொடுப்பார்.

இன்னொன்று, வயது ஏற ஏறக் கண்மணி சுருங்கும், வில்லை கொஞ்சம் மஞ்சளாகும். ஒளி குறைவாக உள்ளே போகும், நீலங்களைப் பிரித்துப் பார்ப்பதும் சிரமமாகும். இரவில் மங்கிய விளக்கில் நிறம் கலக்காதீர்கள். நல்ல வெள்ளை விளக்கு ஒன்று வாங்குவது புதிய சாயப்பெட்டி வாங்குவதைவிட முக்கியம். கண்புரை வந்தாலும் இன்றைக்கு அறுவை சிகிச்சை எளிது. பிரெஞ்சு ஓவியர் மோனேக்கு 1912இல் கண்புரை என்று சொன்னார்கள், பயந்து தள்ளிப்போட்டு 1923இல்தான் அறுவைக்குச் சம்மதித்தார். இன்றைக்கு யாரும் அத்தனை வருடம் காத்திருக்க வேண்டியதில்லை.

சிவப்பு மை:
இது பயனுள்ள பதிவு. ஆனாலும் உடம்பு ஒத்துழைக்காதபோதுதான் சிலர் உச்சத்துக்குப் போயிருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் 1941இல் பெரிய அறுவை சிகிச்சைக்குப் பிறகு சக்கர நாற்காலிக்கு வந்தார். தூரிகையை விட்டுக் கத்தரிக்கோலை எடுத்து, நிறம் பூசிய தாள்களை வெட்டிப் படமாக்கினார். ஓவியர் பால் க்ளேவுக்குத் தோலும் உள்ளுறுப்புகளும் இறுகிப்போகும் நோய். 1939இல் மட்டும் 1,200க்கும் மேற்பட்ட படைப்புகள், அடுத்த வருடம் இறந்துவிட்டார். இவர்கள் யாரும் அளந்து அளந்து வாழவில்லை.

தாழ்வாரம்:
மத்தீஸ் வெட்டிய தாள்களுக்கு நிறம் பூசியது உதவியாளர்கள். சுவரில் ஏறிக் குத்தியதும் அவர்கள்தான். அவர்களுக்குச் சம்பளம் கொடுக்க அவரிடம் பணம் இருந்தது. முதுமையில் மலர்ந்த கலை என்று சொல்லும்போது பின்னால் நின்றவர்களையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன். கார்மென் ஹெரேரா 2004இல், 89 வயதில் முதல் ஓவியத்தை விற்றார். அதுவரை அவர் வரைந்துகொண்டிருக்க முடிந்ததற்குப் பள்ளி ஆசிரியராக இருந்த கணவரின் சம்பளமும் ஒரு காரணம்.

என் நிலையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு 53. அம்மா படுக்கையில் இருக்கிறார், பார்த்துக்கொள்வது நான். பெரிய கேன்வாஸ் எல்லாம் இந்த வாழ்க்கையில் நடக்காது. அதனால் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அம்மாவின் கையை வரைகிறேன். அதே கைதான், எப்போதும். விரல் கணுக்கள் வீங்கி, புறங்கையில் தோல் மெழுகுத்தாள் மாதிரி நரம்புகளின் மேல் தளர்ந்து கிடக்கும். அவர் விழித்திருந்தால் கட்டை விரல் உள்ளே மடங்கும், தூங்கினால் திறக்கும். இதைப் பார்க்கக் கற்றுக்கொள்ளவே எனக்கு ரொம்ப நாள் பிடித்தது. எந்த நேரமும் எழுந்து போக வேண்டியிருக்கும் என்பதால் ஒவ்வொரு படமும் பத்து நிமிடத்தில் நிற்கக்கூடியதாக இருக்க வேண்டும். அதற்கேற்ற மாதிரி என் கோடு மாறிவிட்டது. அழிப்பதே இல்லை.

சிவப்பு மை:
அக்கா, அந்தப் படங்கள் நிச்சயம் உண்மையாக இருக்கும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும். பெரிதாக வரைய ஆசைப்பட்டவர் சின்னதாக வரைவதை 'ஏற்றுக்கொண்டேன்' என்று சொல்லும்போது, அதில் தோற்றதும் இருக்கிறதுதானே? பணமில்லாததையும் நேரமில்லாததையும் வரம் என்று சொல்ல ஆரம்பித்தால், நாளைக்கு யாருக்கும் நேரமோ இடமோ கொடுக்கத் தேவையில்லை என்று ஆகிவிடும்.

தாழ்வாரம்:
வரம் என்று நான் எங்கேயும் எழுதவில்லை. இழப்புதான். ஆள் உயரத்துக்கு வரைய வேண்டும் என்ற ஆசை அப்படியேதான் இருக்கிறது, இருக்கட்டும். அது நிறைவேறும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார மாட்டேன் என்கிறேன், அவ்வளவுதான்.

நாலுநிறம்:
பொருள்செலவு பற்றி யாரும் பேசவில்லை. கரிக்கோடு, வேலையை விடுகிறீர்களோ இல்லையோ, முதலில் நிறங்களைக் குறையுங்கள். காவி மஞ்சள், ஒரு சிவப்பு, கறுப்பு, வெள்ளை. ஆண்டர்ஸ் சோர்ன் என்ற ஸ்வீடன் ஓவியரின் பெயரால் சொல்லப்படும் நிறத்தொகுப்பு இதுதான். மனிதத் தோலின் நிறம் அத்தனையும் இதிலேயே வந்துவிடும். கறுப்பும் வெள்ளையும் கலந்த சாம்பல், காவிக்குப் பக்கத்தில் வைத்தால் நீலமாகவே தெரியும். நான்கு குழாய்கள்தான் என்பதால் நல்ல தரத்தில் வாங்கலாம். மாணவர்களுக்கான மலிவுச் சாயத்தில் நிறமி குறைவு, நிரப்புப்பொருள் அதிகம். அதே அடர்த்தி வர இரண்டு மடங்கு பிதுக்க வேண்டியிருக்கும்.

மிச்சம் பிடிக்கவே கூடாத இடம் ஒன்று உண்டு. வெளிறிப்போகும் சிவப்புகள். வான்கோ 1888இல் வரைந்த படுக்கையறையின் சுவர்கள் முதலில் ஊதா நிறம். அதிலிருந்த சிவப்பு வெளுத்துப்போய், இன்றைக்கு நாம் நீலத்தைத்தான் பார்க்கிறோம். குழாயின் மேல் ஒளி தாங்கும் தரம் போட்டிருக்கும், படித்துவிட்டு வாங்குங்கள். பயிற்சிக்குச் செய்தித்தாள் ரகக் காகிதம் போதும், அது எப்படியும் மஞ்சளாகிவிடும். வைத்துக்கொள்ள வேண்டிய படம் என்றால் அமிலமில்லாத தாளில் வரையுங்கள்.

கரிக்கோடு:
எல்லாருக்கும் நன்றி. தூரக்கண்ணாடி சொன்னபடி அளந்தேன், 68 சென்டிமீட்டர். நான் போட்டுக்கொண்டிருப்பது படிக்கிற கண்ணாடிதான். அடுத்த வாரம் கண் மருத்துவரிடம் போகிறேன். வீட்டிலும் உட்கார்ந்து பேசினோம். மகளின் படிப்பு முடியும்வரை சேமிப்பில் கை வைப்பதில்லை. அதற்குப் பதில் வேலையில் சம்பளமில்லாத விடுப்பு ஒரு மாதம் கேட்கப் போகிறேன். கொடுத்தால், பகலில் வரைந்தால் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

சிவப்பு மை:
ஒரு மாதம் போதாது என்றுதான் இப்போதும் சொல்வேன். முதல் பத்து நாள் அலுவலகக் களைப்புத் தீர்வதற்கே போய்விடும். மூன்று மாதம் கேளுங்கள், பேரம் பேசி இரண்டு மாதமாவது வாங்குங்கள். கிடைத்த நாள்களில் விற்கலாம், யாருக்காவது காட்டலாம் என்று எதையும் ஆரம்பிக்காதீர்கள். ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு பகல் வெளிச்சத்தில் அதையே பாருங்கள்.

தாழ்வாரம்:
கடைசியில் சொன்னது எனக்கும் சரியென்றே படுகிறது. விடுப்பின் நீளத்தை மட்டும் வீட்டுச் செலவைப் பார்த்து முடிவு செய்யுங்கள் சார், எங்கள் பேச்சைக் கேட்டு வேண்டாம்.

தூரக்கண்ணாடி:
68 என்பது உட்கார்ந்து அளந்ததா, நின்றா? நின்று வரைவீர்கள் என்றால் அதையும் தனியாக அளந்துகொண்டு போங்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு தூரத்துக்கு வில்லை போடச் சொல்லலாம்.