ரிப்போர்ட்டிங் குழுவுக்கு லீட் பிஐ (வணிகத் தரவு) அனலிஸ்ட்: நேர்காணலில் எதைக் கேட்பது?

கேள்வி:
எங்கள் குழுவில் நான்கு பேர். பவர் பிஐ (மைக்ரோசாஃப்டின் ரிப்போர்ட் கருவி) டாஷ்போர்டு, தரவுத்தளத்திலிருந்து தரவை எடுக்கும் எஸ்க்யூஎல் மொழி, மாதக் கடைசியில் எக்ஸெல் கோப்புகள் என்று வேலை ஓடுகிறது. இவர்களுக்கு மேலே ஒரு லீட் எடுக்க அனுமதி வந்திருக்கிறது. வந்த விண்ணப்பங்கள் எல்லாம் ஒரே அச்சு: டேப்லோ, பைத்தான், நாலைந்து சான்றிதழ்கள். குழுவை நடத்தக்கூடியவர் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? குழுவிலேயே மூத்தவர் ஒருவர் டாக்ஸ் (DAX, பவர் பிஐயில் கணக்கீடுகளை எழுதும் மொழி) எழுதுவதில் புலி. அவருக்கே கொடுத்துவிடலாமா?

பதில் 1:
முதலில் எஸ்க்யூஎல் தேர்வு. லெஃப்ட் ஜாயின் (இடப்பக்க டேபிளின் எல்லா வரிகளையும் வைத்துக்கொண்டு இரண்டு டேபிள்களை இணைப்பது) போட்டுவிட்டு, வலப்பக்க டேபிளின் ஒரு நெடுவரிசைக்கு (column) WHERE நிபந்தனை வைத்தால் பொருந்தாத வரிகள் ஏன் காணாமல் போகின்றன என்று கேளுங்கள். பாதிப் பேர் அங்கேயே நின்றுவிடுவார்கள்.

பதில் 2:
அது அனலிஸ்டுக்குச் சரி, லீடுக்குப் போதாது. இந்தப் பதவிக்கு ஆள் எடுக்கும்போது நான் ஒரு தாளை நீட்டுவேன். வாங்கிய வாடிக்கையாளர்கள்: ஜனவரி 400, பிப்ரவரி 450, மார்ச் 500. காலாண்டுக்கு 820. "கூட்டினால் 1,350 வருகிறதே, உங்கள் ரிப்போர்ட் தப்பு" என்று நிதிப் பிரிவுத் தலைவர் சத்தம் போடுகிறார். என்ன சொல்வீர்கள்?

ஒரே ஆள் மூன்று மாதமும் வாங்கியிருந்தால் மாதக் கணக்கில் மூன்று முறை வருவார், காலாண்டில் ஒரு முறைதான். இது எல்லோருக்கும் தெரியும். டிஸ்டிங்க்ட் கவுண்ட் என்ற சொல்லே வராமல் அவருக்குப் புரியவைக்கிறாரா என்றுதான் நான் கவனிப்பேன்.

அடுத்தது, விற்பனைப் பிரிவு சொல்லும் வருவாய் ஒன்று, நிதிப் பிரிவு சொல்வது வேறொன்று. ஒன்று ஆர்டர் தேதிப்படி, இன்னொன்று ரிட்டர்ன் கழித்த இன்வாய்ஸ்படி. எது சரி என்று உடனே தீர்ப்புச் சொல்பவரை விட்டுவிடுங்கள். "எந்த முடிவுக்கு இந்த எண் வேண்டும், வரையறைக்கு யார் பொறுப்பு?" என்று திருப்பிக் கேட்பவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். எல்லாக் கோரிக்கைக்கும் "செய்துவிடலாம்" என்பவர் வந்தால் உங்கள் நான்கு பேரும் ராத்திரி வேலை பார்க்க வேண்டியதுதான்.

மூத்தவர் விஷயத்தில், அவருக்கு ஆசை இருக்கிறதா என்று முதலில் அவரிடமே கேளுங்கள். மற்றவர்களின் எஸ்க்யூஎல் க்வெரியைப் பார்த்துத் திருத்திச் சொல்லிக்கொடுப்பாரா, தானே எழுதிவிட்டுப் போய்விடுவாரா? இரண்டாவது ரகம் என்றால் மீட்டிங்குகளிலேயே வாடிப்போவார்.

கேட்டவர்:
இரண்டாவது ரகம்தான்! சரி, லீட் எவ்வளவு தூரம் கைவேலையும் செய்ய வேண்டும்?

பதில் 2:
நான்கு பேர் குழுவில் பாதி நேரமாவது. காலையில் தரவைப் புதுப்பிக்கும் ரிஃப்ரெஷ் தோல்வியடைந்துவிட்டால், ரிப்போர்ட்டுக்கு அடியிலுள்ள தரவு மாடலைத் திறந்து பார்க்கத் தெரிய வேண்டும். விளம்பரத்திலேயே அதை எழுதிவிடுங்கள்.

பதில் 3:
வீட்டுக்குக் கொண்டுபோய் டாஷ்போர்டு செய்துவரச் சொல்லாதீர்கள். நல்லவர்கள் அதைப் பார்த்ததுமே விலகிவிடுவார்கள். உங்கள் பழைய ரிப்போர்ட் ஒன்றை, ரகசியத் தரவை எடுத்துவிட்டு, நேர்காணலிலேயே காட்டி எதை நீக்கலாம் என்று கேளுங்கள். அரை மணி நேரம் போதும்.