குமரிக்கடலின் மேலடுக்கில் நீரோட்டத் தரவு தேவை

நாகர்கோவிலில் முதுகலை இயற்பியல் படிக்கிறேன். கன்னியாகுமரிக்குத் தென்மேற்கே, மேல் 100 மீட்டரில் கொந்தளிப்பால் கடல்நீர் எவ்வளவு கலக்கிறது என்று ஆர்கோ மிதவைத் தரவை (கடலில் தானாக மூழ்கி எழுந்து, ஆழத்துக்கு ஆழம் வெப்பநிலையும் உப்பும் அளக்கும் கருவிகள்) வைத்துக் கணக்கிடுகிறேன். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உள்ள தரவில் கணக்கு நிற்கவே மாட்டேன் என்கிறது.

அந்த மாதங்களில் வங்கக்கடலின் உப்புக் குறைந்த நீர் இலங்கையைச் சுற்றி, குமரிமுனை தாண்டி அரபிக்கடலுக்குள் வருகிறது. அந்த லேசான நீர் மேலே மூடியிருப்பதால், அடியில் இருப்பது சூடாக இருந்தாலும் மேலே ஏறுவதில்லை. எனக்கு இந்த ஆய்வில் மிகவும் பிடித்த இடமே இதுதான், சிக்கலும் இங்கேதான்.

வெப்பநிலையை மட்டும் தார்ப் முறையில் (கனமான நீர் கீழே, லேசானது மேலே என்று அளவுகளை மறுபடி அடுக்கி, எது எவ்வளவு இடம் மாறியிருக்கிறது என்று பார்ப்பது) வரிசைப்படுத்தினால் எங்கு பார்த்தாலும் கவிழ்வு, அதாவது கனமான நீர் லேசானதன் மேல் புரண்டு கிடப்பது, தெரிகிறது. அது உண்மையான கொந்தளிப்பு இல்லை. சரி என்று அடர்த்திக்கு மாறினேன். கவிழ்வுகள் மறைந்து உணரியின் இரைச்சல்தான் மிஞ்சியது. இரைச்சல் வரம்பைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தாயிற்று. மிதவை அளந்த இடைவெளி சுமார் 2 மீட்டர், அதைவிடச் சிறிய சுழல் இதில் தெரியாது. அப்புறம் ரிச்சர்ட்சன் எண்ணுக்குப் போனேன்; அடர்த்தி அடுக்கு கலப்பைத் தடுப்பதையும், நீரோட்ட வேகம் ஆழத்தோடு மாறுவது கலப்பைத் தூண்டுவதையும் ஒப்பிடும் எண் அது. அதற்கு ஆழத்துக்கு ஆழம் நீரோட்ட வேகம் வேண்டும். ஆர்கோவில் அது இல்லை.

இந்தப் பகுதியில் குளிர்காலத்தில் அளந்த, மாணவர்கள் இலவசமாக இறக்கிக்கொள்ளக்கூடிய 0–100 மீட்டர் நீரோட்டத் தரவு எங்கே கிடைக்கும்?