பெண்கள் கால்பந்து அணியில் ஒன்பது பேர்தான் மிச்சம், நிறுத்திவிடலாமா?

முந்திரிக்காடு:
பண்ருட்டி பக்கம் ஒரு கிராமத்தில் ஆறு வருடமாகப் பெண் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லித் தருகிறேன். ஒரு காலத்தில் 22 பேர் வந்தார்கள், இப்போது 9. பத்தாவது முடித்ததும் சிலரை வீட்டில் நிறுத்திவிட்டார்கள், பெரிய பிள்ளைகள் இரண்டு பேருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, முந்திரி சீசனில் மற்றவர்களும் காட்டு வேலைக்குப் போய்க் களைத்து வருகிறார்கள். ஐப்பசியில் ஏரி நிரம்பினால் ஆட இடமும் கிடையாது. இரண்டு பேருக்குக் காய்ச்சல் வந்தால் ஏழு பேர், அதற்குக் கீழே போனால் விதிப்படி ஆட்டமே தொடங்க முடியாது. தொடர்வதா, விடுவதா?

பழைய கோல்கீப்பர்:
அண்ணே, விடாதீங்க. என்னையும் பதினொன்றாவதில் நிறுத்தினார்கள். அப்பாவுக்கு ஆட்டம் பிடிக்காமல் இல்லை, மாலை ஏழு மணிக்கு இருட்டில் தனியாக வருகிறேன் என்பதுதான் பிரச்சினை, அதை யாரும் அவரிடம் உட்கார்ந்து பேசவில்லை. பயிற்சியைக் காலை ஐந்தரைக்கு மாற்றுங்கள். நின்றுபோன ஒவ்வொரு வீட்டுக்கும் நீங்கள் மட்டும் போகாமல் ஒரு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அரைக்கால் சட்டைக்கு உள்ளே லெகிங்ஸ் போடலாம் என்று சொன்னாலே பாதி வாக்குவாதம் அடங்கிவிடும்.

கடலூர்க்காரன்:
பெற்றோரிடம் உங்கள் மாவட்டத்துப் பெயர்களையே சொல்லுங்கள். இந்துமதி கதிரேசன் கடலூர்ப் பிள்ளை, இந்தியாவுக்கு ஆடியவர், தமிழ்நாடு காவல்துறையில் எஸ்.ஐ. இந்தியாவுக்கு ஆடிய சந்தியா ரங்கநாதனும் உங்க பண்ருட்டிப் பக்கம்தான். 2018இல் கட்டாக்கில் மணிப்பூரை 2-1 என்று வென்று தமிழ்நாடு முதல்முறையாக தேசிய சாம்பியன் ஆனது, அடுத்த வருடம் மதுரையின் சேது எஃப்.சி. இந்தியப் பெண்கள் லீக்கையே ஜெயித்தது. அரசு வேலையில் விளையாட்டு ஒதுக்கீடு 3 சதவீதம் இருக்கிறது, அதையும் சொல்லுங்கள்.

பழைய கோல்கீப்பர்:
வேலை ஆசையை மட்டும் காட்டிக் கூப்பிடாதீங்க. அந்த இடத்துக்குப் போகிறவர்கள் ரொம்பக் கொஞ்சம் பேர், கிடைக்காத பிள்ளையை வீட்டில் "இவ்வளவு நாள் ஓடி என்ன கண்டாய்" என்று கேட்பார்கள். எனக்கு அது நடந்தது.

ராஞ்சியில் இருந்தவன்:
அக்கா சொல்வது சரி. ஜார்க்கண்டில் ராஞ்சிக்குப் பக்கத்துக் கிராமங்களில் 2009இல் தொடங்கிய யுவா அணியைப் பார்த்திருக்கிறேன். அங்கே ஆடி வளர்ந்த பெண்களே சின்னப் பிள்ளைகளுக்குப் பயிற்சி தருகிறார்கள், தாங்களும் யாருக்கோ தேவைப்படுகிறோம் என்ற உணர்வு வந்ததால் நின்றுவிடவில்லை. 2013இல் அந்தப் பிள்ளைகள் ஸ்பெயினில் ஒரு போட்டியில் மூன்றாவது இடம் பிடித்தார்கள். நீங்களும் இந்த வருடம் பதினோரு பேர் போட்டியை மறந்துவிட்டு ஐவர் ஆட்டம் ஆடுங்கள், அதற்குப் பள்ளி வளாகத்தின் ஒரு மூலை போதும், ஏரி வற்றக் காத்திருக்க வேண்டாம். அந்த 9 பேரும் நாலாம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் ஆளுக்கு இரண்டு மூன்று பேரைக் கூட்டி வரட்டும். அப்புறம் அவர்களுக்கு நாலாம் நம்பர் பந்து வாங்குங்கள், ஐந்தாம் நம்பர் சின்னக் காலுக்குக் கனம்.

முந்திரிக்காடு:
எல்லாருக்கும் நன்றி. தலைமை ஆசிரியரிடம் பேசிவிட்டேன், திங்கள் முதல் காலை ஐந்தரை. நின்றுபோனவர்களில் எங்கள் கோல்கீப்பரும் ஒருத்தி. முதலில் அவள் வீட்டுக்குத்தான் போகிறேன், என் மனைவியும் வருகிறாள். அக்கா, அவள் அப்பாவிடம் முதல் வார்த்தையாக எதைச் சொல்வது?

பழைய கோல்கீப்பர்:
"ஆறரைக்கெல்லாம் நானே வீட்டில் கொண்டுவந்து விடுகிறேன்" என்று சொல்லுங்கள் அண்ணே. அப்புறம் ஒரு நாள்கூடத் தவறாதீங்க.