வன்பொருளில் பதிந்த எண்ணுக்குப் ‘பொறியெண்’

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். இயங்குதளத்தின் தமிழ் இடைமுகத்துக்காக ‘ஹார்டுவேர் ஐடென்டிஃபயர்’ என்பதற்கு, அதாவது கணினியின் பாகங்களில் ஆலையிலேயே பதிந்துவரும் அடையாள எண்ணுக்கு, ஒரு சொல் தேடிக்கொண்டிருக்கிறோம். இதுவரை வந்துள்ள ‘தனித்துவ வன்பொருள் அடையாளங்காட்டி’, ‘வரிசை எண்’, ‘பிறவியெண்’, ‘அங்க அடையாள எண்’ ஆகிய நான்கையும் அவற்றுக்கான விளக்கங்களோடு பொறுமையாகப் படித்தேன். கும்பகோணத்தில் கணினி பழுதுபார்க்கும் கடை நடத்துகிறவன் நான். அந்த எண் மனிதரிடம் எப்படி நடந்துகொள்கிறது என்பதைச் சொல்லிவிட்டுப் பிறகு சொல்லுக்கு வருகிறேன்.

சில மாதங்களுக்கு முன் குடவாசல் பக்கத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி, யாரோ பயன்படுத்தி விற்ற மடிக்கணினி ஒன்றைக் கொண்டுவந்தார். பழைய வட்டைக் கழற்றிவிட்டுப் புது வட்டு பொருத்தி, இயங்குதளத்தையும் புதிதாக நிறுவினேன். பழையது ஒரு பைட்டுகூட மிச்சமில்லை. கடையின் வைஃபையில் இணைத்த அடுத்த நிமிடம், அவர் ஒருபோதும் கேள்விப்பட்டிராத ஒரு நிறுவனத்தின் பெயரோடு நுழைவுத் திரை வந்து, அலுவலக மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் கேட்டது. “எல்லாத்தையும் அழிச்சாச்சுன்னு சொன்னீங்களே அண்ணே, அப்புறம் இதுக்கு எப்படித் தெரியுது?” என்றார் அந்தப் பெண். நான் அழித்தது வட்டை மட்டும்தான். தாய்ப்பலகையில் (மதர்போர்டில்) ஆலையிலேயே எழுதப்பட்ட எண் அப்படியே இருந்தது. இணையம் கிடைத்ததும் இயங்குதளம் தன் எண்களைத் தயாரிப்பாளரின் சேவையகத்துக்கு அனுப்பியது. அங்கிருந்த பதிவேட்டில் அவை பழைய உரிமையாளரின் பெயரோடு பொருந்திவிட்டன. திருட்டுப்போன கணினியை முடக்க இந்த ஏற்பாடு உதவும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெண்ணின் கேள்வி மிகச் சரியான கேள்வி. அதற்கு விடை சொல்லும் சொல்தான் நமக்கு வேண்டும்.

எண் தனியாகக் கிடக்கும்வரை அதனால் தொல்லை இல்லை. நம் ஊரில் நிலத்தின் புல எண்ணைப் போன்றது அது: எண்ணை மட்டும் பார்த்தால் ஒரு வயல், சிட்டாவோடு சேர்த்துப் பார்த்தால் அது இன்னாருடைய வயல். கணினியில் நிறுவிய ஒரு மென்பொருளிடம் நாம் பெயரையும் கைப்பேசி எண்ணையும் ஒரே ஒருமுறை கொடுத்துவிட்டால், அதே வன்பொருள் எண்ணைப் படிக்கும் மற்ற மென்பொருள்கள் திரட்டியவை எல்லாம், அந்தப் பதிவேடுகள் என்றைக்கு ஒன்றுசேர்கின்றனவோ அன்றைக்கு, நம் பெயரின் கீழே வந்து விழும். வலைத்தளங்கள் உலாவியில் விட்டுச்செல்லும் குக்கியை அழிக்கலாம், இணைய இணைப்புக்குரிய ஐபி முகவரி மாறும், மின்னஞ்சலைப் புதிதாகத் தொடங்கலாம். இந்த எண்ணைத் தொலைக்க வேண்டுமானால் கணினியையே தொலைக்க வேண்டும்.

இந்தக் கவலை நம் காலத்தில் புதிதாக முளைத்ததன்று. 1999 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்த இன்டெலின் பென்டியம் 3 செயலியில் 96 பிட் நீளமுள்ள எண் ஒன்று பதிந்திருந்தது. எந்த நிரலும் அதைக் கேட்டுப் படிக்கலாம். இணைய வணிகத்துக்குப் பாதுகாப்பு என்று நிறுவனம் காரணம் சொன்னது. அமெரிக்காவின் தனியுரிமை அமைப்புகள் புறக்கணிப்புக்கு அழைப்பு விடுத்தன, எதிர்ப்பு வலுத்தது, 2000ஆம் ஆண்டில் வந்த பென்டியம் 4 அந்த எண் இல்லாமலே வந்தது. அதே 1999இல் வெளிப்பட்ட இன்னொரு செய்தி என்னை இன்றும் உறுத்துகிறது. மைக்ரோசாஃப்டின் ஆபீஸ் 97, ஒவ்வொரு ஆவணத்துக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாமல் ஓர் அடையாளக் குறியீட்டை எழுதிவந்தது. பிணைய அட்டை உள்ள கணினியில் அதன் ஒரு பகுதி அந்த அட்டையின் மேக் முகவரியாகவே, அதாவது பிணையத்தில் அந்த அட்டையை அடையாளம் காட்டும் எண்ணாகவே இருந்தது. பின்னர் அதை நீக்குவதற்கான கருவியை அந்நிறுவனமே வெளியிட்டது. கொள்ளிடத்தில் மணல் அள்ளுவதைப் பற்றி ஒருவர் தம் பெயரைப் போடாமல் மனு தட்டச்சு செய்து, கோப்பாக அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொட்டை மனு என்று அவர் நம்பியிருக்கும் அந்தக் கோப்பே அவருடைய கணினியைச் சுட்டிக் காட்டினால், பெயரை விட்டதால் அவருக்கு என்ன பாதுகாப்பு?

பயத்தை அளவுக்கு மீறி வளர்க்கவும் கூடாது. மேக் முகவரி 48 பிட் எண். பொதுவாக அதன் முற்பாதி தயாரிப்பாளரையும் பிற்பாதி அந்த அட்டையையும் குறிக்கும். வீட்டிலுள்ள திசைவியை (ரவுட்டரை) தாண்டி அது வெளியே போவதில்லை. உலாவி வழியாக ஒரு வலைத்தளம் அதைப் படிக்கவும் முடியாது. படிக்கக்கூடியவர்கள், நாம் நிறுவும் மென்பொருளை எழுதியவர்களும், அருகில் வைஃபை வைத்திருப்பவர்களும்தான். ஐபி முகவரியின் புதிய வடிவமான ஐபிவி6 வந்தபோது மேக் முகவரியையே இணைய முகவரிக்குள் பொதிந்து அனுப்பும் வழக்கம் இருந்தது. அதிலுள்ள ஆபத்தை உணர்ந்து, தற்காலிக முகவரிகளுக்கான நெறிமுறையை 2001இலேயே வகுத்தார்கள்.

இனிச் சொல்லுக்கு வருகிறேன். ‘தனித்துவ வன்பொருள் அடையாளங்காட்டி’ பொருளில் பிழையற்றது, ஆனால் அமைப்புப் பக்கத்தின் (செட்டிங்ஸ்) ஒரு வரியில் அடங்காது. அடங்கினாலும் படிப்பவர் மனத்தில் எதையும் எழுப்பாது. ‘வரிசை எண்’ என்றால் ரேஷன் கடை டோக்கனும் வாக்காளர் பட்டியலும்தான் நினைவுக்கு வருகின்றன. இன்று ஓர் எண், நாளை வேறோர் எண் என்ற பொருளே அதில் நிற்கிறது. ‘பிறவியெண்’ எனக்கும் முதலில் பிடித்திருந்தது. ஆனால் எண்கணித சோதிடர்கள் பிறந்த தேதியிலிருந்து கணக்கிடும் எண்ணுக்கு அந்தப் பெயரை ஏற்கெனவே வழங்குகிறார்கள். ‘இயலெண்’ என்று யாரேனும் திருத்தம் சொல்லுமுன், பள்ளிக் கணக்கில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணும் எண்களுக்கு அந்தப் பெயர் போய்விட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பேராசிரியர் ஐயா முன்வைத்த ‘அங்க அடையாள எண்’ நம் மாற்றுச் சான்றிதழிலிருந்து வந்தது. ‘வலது முழங்கையில் ஒரு மச்சம்’ என்று எழுதிய தலைமையாசிரியரின் கையெழுத்து எல்லோருக்கும் நினைவிருக்கும், அதனால் நான்கில் உயிருள்ள சொல் அதுதான். ஆயினும் விரல்ரேகை, கருவிழி ஆகியவற்றைக் குறிக்க அந்தச் சொல் நமக்கு வேண்டியிருக்கும் என்பதால், அதை அங்கேயே விட்டுவைக்க வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

நான் முதலில் எழுதி வைத்திருந்தது ‘சூட்டெண்’. மாட்டுக்குச் சூடு வைப்பது போலச் கணினிச் சில்லில் சுட்டு வைத்த எண் என்ற கருத்து. உரக்கச் சொல்லிப் பார்த்தபோது ‘சுட்டெண்’ என்றே கேட்டது. எழுத்தில் பார்த்த என் உதவியாளர் செயலியின் வெப்பநிலை என்று நினைத்தார். கைவிட்டேன்.

இப்போது நான் முன்வைப்பது ‘பொறியெண்’. பொறி என்பது இயந்திரம். பொறித்தல் என்பது அழியாமல் எழுதுதல். எலிப்பொறி என்னும்போது அது சிக்கவைப்பது. எங்கள் பக்கம் நெல் வயலில் மூங்கிலை வளைத்து வைக்கும் கிட்டியைப் பார்த்தவர்களுக்கு அந்த மூன்றாம் பொருளை விளக்க வேண்டியதில்லை. இயந்திரத்தில் பொறித்தது, சிக்கவைக்கவும் வல்லது என்ற மூன்றும் ஒரே வேரில் கிடைப்பது அரிது. பொறி, எண் என்ற இரண்டும் உடம்படுமெய் பெற்று இயல்பாகச் சேர்கின்றன. பொறியெண்கள், பொறியெண்ணை, பொறியெண்வழி என்று உருபுகளும் தடையின்றி ஏறுகின்றன.

பொறித்தல் என்ற வினையில் நான் இவ்வளவு அழுத்தம் வைப்பதற்குத் தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டு ஒன்று காரணம். கோயில் பணிப் பெண்களின் குடியிருப்பான தளிச்சேரியில் குடியேற்றிய நானூறு பெண்களை, ஒவ்வொருவரும் எந்தத் தெரு, எந்தச் சிறகு (வீட்டு வரிசை), எத்தனையாம் வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர் என்று இராசராசன் காலத்தில் சுவரில் வெட்டி வைத்தார்கள். ஆளுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல் அளப்பதற்கான கணக்கு அது. நெல் அளப்பது நின்று பல நூற்றாண்டுகள் ஆகின்றன. அந்தப் பெண்கள் குடியிருந்த வீட்டின் இடத்தை இன்று நான் நின்று வாசிக்க முடிகிறது. வரலாற்றுக்கு அது செல்வம் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் ஒரு தேவைக்காகப் பொறித்தது அந்தத் தேவையோடு நிற்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நம் மண்ணில் எனக்குத் தெரியவில்லை.

வண்டியின் எஞ்சின் எண்ணோடு குழப்பம் வராதா என்று அம்மையார் ஒருவர் தனி மடலில் கேட்டிருந்தார். அதையும் பொறியெண் என்று யாரேனும் சொன்னால் எனக்கு மறுப்பில்லை. அதுவும் உலோகத்தில் வெட்டி, பதிவுச் சான்றில் ஒருவர் பெயரோடு சேர்த்து வைக்கும் எண்தானே.

ஒரு துணைச்சொல்லும் வேண்டும். ஆப்பிள் கைப்பேசிகளின் இயங்குதளமான ஐஓஎஸ் 8 வெளிவந்த 2014 முதல் கைப்பேசிகள் வைஃபை தேடும்போது வேறொரு மேக் முகவரியைக் காட்டத் தொடங்கின. 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10, சேரும் ஒவ்வொரு பிணையத்துக்கும் ஒரு தனி முகவரியை இயல்பாகவே கொடுக்கிறது. அட்டையில் இருப்பது ஒன்று, வெளியே சொல்வது வேறொன்று. இயற்பெயருக்கு எதிரே வழங்குபெயர் நிற்பதைப் போல, வெளியே சொல்லும் இந்த எண்ணை ‘வழங்கெண்’ எனலாம். ‘போலி எண்’ என்ற பரிந்துரையை நான் ஏற்க மாட்டேன்: தம்மைக் காத்துக்கொள்ள ஒருவர் செய்யும் நியாயமான செயலைக் குற்றம்போல் காட்டும் சொல் அது.

அமைப்புப் பக்கத்துக்கான வரிகளை இப்படி எழுதிப் பார்த்திருக்கிறேன். ‘இந்த மென்பொருள் உங்கள் கணினியின் பொறியெண்ணைக் கேட்கிறது.’ ‘பொறியெண்ணை மறைத்து வழங்கெண்ணைக் கொடு.’ ‘வட்டை அழித்தாலும் பொறியெண் அழியாது.’ மூன்றாவது வரி ஆங்கில மூலத்தில் இல்லை. மூலத்தில் இல்லாததைச் சேர்க்க நமக்கு உரிமை உண்டா என்பதைப் பேராசிரியர் ஐயாதான் சொல்ல வேண்டும். கணினியை விற்கப்போகிறவர் அழிக்கும் பொத்தானை அழுத்துமுன் பார்க்கும் திரையில், அந்த வரியை வைக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.