58 வயதில் பேஸ் கிட்டார்: முதலில் எதை வாங்கலாம்?

வணக்கம் நண்பர்களே. கோவையில் இருக்கிறேன், இப்போதுதான் பணி ஓய்வு பெற்றேன். 80களின் திரைப்பாடல்களைக் கேட்டால் என் காது அடியில் ஓடும் பேஸைத்தான் தேடிப்போகும், அதை என் கையால் வாசிக்க வேண்டும் என்பது 30 வருட ஆசை. இதுவரை எந்த வாத்தியமும் கற்றதில்லை.

கடையில் யமஹா டிஆர்பிஎக்ஸ் 174 என்ற பேஸ் கிட்டாரை எடுத்துப் பார்த்தேன். சத்தம் ரொம்பப் பிடித்தது, ஆனால் அது 34 அங்குல ஸ்கேல் (தந்தி அதிரும் நீளம்), முதல் ஃப்ரெட் (கழுத்தில் பதித்த உலோகக் கம்பி) பக்கம் விரலை விரித்து வைத்தால் பத்து நிமிடத்தில் இடது மணிக்கட்டு வலிக்கத் தொடங்கிவிட்டது (அந்தக் கையில் ஏற்கெனவே கொஞ்சம் மூட்டுவலி உண்டு). 30 அங்குல ஸ்குவையர் பிராங்கோ, 28.6 அங்குல ஐபனீஸ் மைக்ரோ இரண்டும் எனக்குச் சரிப்படும் என்று தோன்றுகிறது. ஸ்கேல் குறைந்தால் தந்தியின் இறுக்கமும் குறையும், தடித்த ஈ தந்தி தொளதொளவென்று ஆகிவிடுமாமே? வீட்டில் மட்டும் வாசிப்பவருக்கு அது பெரிய குறையா? தட்டைச் சுற்றுத் தந்தி (ஃப்ளாட்வவுண்ட், மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும்) போட்டால் விரலுக்கு இதமாக இருக்குமா?

அப்புறம் ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் பெட்டி). மகனுடைய 10 வாட் கிட்டார் ஆம்ப் இருக்கிறது, ஆனால் சத்தம் கூட்டினால் பேஸின் கீழ் சுரங்கள் அந்தச் சின்ன ஸ்பீக்கரைக் கெடுத்துவிடும் என்று பயம். அடுக்குமாடி வீடு வேறு, அதனால் இப்போதைக்கு ஹெட்போன் ஆம்ப் மட்டும் போதுமா?

எல்லாம் சேர்த்து 30,000 ரூபாய் வரை செலவழிக்க முடியும். 50 வயதுக்கு மேல் தொடங்கியவர்கள் யாராவது இருந்தால், நீங்கள் எதை வாங்கினீர்கள், கை எப்படிப் பழகியது என்று அவசியம் எழுதுங்கள்.