ஒயிட் ரஷ்யன்: கிரீமைக் கலக்கணுமா, மிதக்க விடணுமா?

வாடாமல்லி: நம்ம மன்றத்துல போன வாரத் திரியில கரண்டிக்காரர் ஒயிட் ரஷ்யன் காக்டெயிலைப் பத்தி ஒரு தீர்ப்பு எழுதினார்: "கிரீமைக் கலக்கிக் குடிக்கிறவனுக்கு ஒயிட் ரஷ்யன் எதுக்கு? ஐஸ் காபி போதும்." மூணு நாளா தொண்டையில முள்ளு மாதிரி நிக்குது. நான் கலக்கித்தான் குடிக்கிறேன். ஐஸ் மேல 50 மில்லி வோட்கா, 20 மில்லி கலூவா (இனிப்பான காபி லிக்கர்), அப்புறம் 30 மில்லி கிரீம், ஸ்பூனை விட்டு ரெண்டு சுத்து. இதுல என்ன குத்தம்?

கரண்டிக்காரர்: குத்தம் ரெண்டாவது சுத்துல இல்லம்மா, முதல் சுத்துலயே. கிரீம் மிதக்கணும். கரண்டியைக் கவுத்துப் பிடிச்சு, அதோட முதுகு வழியா ஒழுக விடணும். முதல் வாய்க்கு மீசையில சில்லுனு வெள்ளை ஒட்டும், அதுக்குக் கீழ இருந்து கசப்பா காபி வரும். அந்த ஒரு நொடிக்குத்தான் இந்தக் கிளாஸே. பன்னாட்டு பார்டெண்டர் சங்கக் குறிப்பும் மிதக்க விடுன்னுதான் சொல்லுது.

பாலைவனத்து_ஒட்டகம்: எனக்கு மீசை இல்ல. நான் கலக்கிக்கலாமா சார்?

கரண்டிக்காரர்: கிண்டலுக்குப் பதில் இல்ல. மிதக்கணும்.

நெய்வேலி_நண்பன்: அதே குறிப்பை முழுசாப் படிங்கண்ணா. மிதக்க விட்டு, "மெதுவாகக் கலக்கவும்"னு முடியுது. பாதியை மட்டும் வெட்டிக் காட்டுறது உங்களுக்குப் புதுசா என்ன? மெதுவடை திரியிலயும் இதையேதான் செஞ்சீங்க.

கரண்டிக்காரர்: வடை பேச்சு இங்க எதுக்கு? "மெதுவாக"ன்னா குடிக்கக் குடிக்க அதுவாக் கலக்கும்னு அர்த்தம். முதல்ல மிதக்கணும்.

வாடாமல்லி: அண்ணா, என்னோடது மிதக்கவே மாட்டேங்குது. ஊத்தின உடனே புகை மாதிரி கீழ இறங்குது. நான் என்ன பண்ண?

நெய்வேலி_நண்பன்: கொழுப்பு பத்தலை. நம்ம ஊர் பெட்டி கிரீம்ல கொழுப்பு 25%தான். அமெரிக்காவுல ஹெவி கிரீம்னா 36%க்குக் குறையாது. கொழுப்பு ஏற ஏற கனம் குறையும், மேல நிக்கும். பாலை ஊத்துனா நேரா அடிக்குப் போயிடும். மூடி போட்ட பாட்டில்ல கிரீமைப் பத்து தடவை குலுக்குங்க, கொஞ்சம் கெட்டியாகி நிக்கும்.

கரண்டிக்காரர்: பாத்தீங்களா, மிதக்க வைக்க வழி சொல்றார். அப்ப மிதக்கணும்னு அவரே ஒத்துக்கிட்டார்.

நெய்வேலி_நண்பன்: நான் எங்கய்யா ஒத்துக்கிட்டேன்?!

ஃபில்டர்_பாட்டி: நான் கலூவாவே வாங்குறதில்லப்பா. கெட்டி டிகாஷன், சக்கரை, வெனிலா, ரம், ரெண்டு வாரம் பாட்டில்ல ஊறல். சிக்கரி 20% கலந்த பொடிதான்.

பாலைவனத்து_ஒட்டகம்: சிக்கரியா! மெக்சிகோ வெராக்ரூஸ்ல 1936ல உருவான கலூவாவுக்கு இப்படி ஒரு நிலைமையா?

ஃபில்டர்_பாட்டி: அதுவும் ரம்முல போட்ட காபிதான் தம்பி. சிக்கரியைக் குறை சொல்றவன் என் வாசல் பக்கம் வரவேண்டாம்.

மாஸ்கோ_மாமா: இது ரஷ்யாவுல பிறந்த சரக்கு இல்லைன்னு சொல்ல வந்தேன். வோட்கா இருக்கிறதாலதான் அந்தப் பேரு. கிரீம் இல்லாத கறுப்பு ரஷ்யன் 1949ல பிரசெல்ஸ் மெட்ரோபோல் ஹோட்டல்ல பிறந்தது. குஸ்தாவ் டாப்ஸ்ங்கற பார்காரர் லக்சம்பர்க்குக்கான அமெரிக்கத் தூதர் பெர்ல் மெஸ்டாவுக்காகக் கலந்தார்னு சொல்வாங்க. கிரீம் அப்புறம் ஏறினது.

கரண்டிக்காரர்: ஏறினதுன்னு நீங்களே சொல்றீங்க. மேல ஏறினது மேலதான் இருக்கணும்.

வாடாமல்லி: 1998ல வந்த 'தி பிக் லெபவ்ஸ்கி' படத்துல நாயகன் ஒயிட் ரஷ்யனுக்கு ஹாஃப் அண்ட் ஹாஃப்தான் (பாதி பால், பாதி கிரீம்) ஊத்துவான். ஒரு இடத்துல காபிக்குப் போடுற பவுடர் கிரீமரையே கொட்டுவான். அவன் கரண்டியைக் கவுத்துப் பிடிச்சானா?

கரண்டிக்காரர்: அவன் 69 சென்ட்டுக்கு செக் எழுதுறவன். அவனையா முன்னுதாரணமாக் காட்டுறீங்க?

பாலைவனத்து_ஒட்டகம்: நேத்து நானும் போட்டேன். பழைய கிரீம், பாட்டி முறையில காபி லிக்கர். தயிர் மாதிரி துண்டு துண்டா நின்னுச்சு. மிதந்துச்சு சார், சந்தோஷமா?

நெய்வேலி_நண்பன்: கொழுப்புக் குறைஞ்ச பழைய கிரீம், அதுல காபியோட புளிப்பு. திரியாம என்ன செய்யும்? இந்தத் திரியே திரிஞ்சுதான் கிடக்கு.

ஃபில்டர்_பாட்டி: என் லிக்கர் மேல பழி போடாதே. கிரீம் வாங்கின தேதியைச் சொல்லு.

கரண்டிக்காரர்: திரிஞ்சது மிதக்குறது கணக்கில்ல. கிரீம் மிதக்கணும்.

வாடாமல்லி: இன்னைக்கு ராத்திரி மூணு சுத்து சுத்தப் போறேன். படமும் போடுறேன்.

புதியவள்_82: எல்லாருக்கும் வணக்கம். கிரீமுக்குப் பதிலா பெய்லீஸ் (ஐரிஷ் கிரீம் லிக்கர்) ஊத்தலாமா?

கரண்டிக்காரர்: அதுக்குப் பேரு மட்ஸ்லைட், அதுக்குத் தனித் திரி இருக்கு. அங்கயும் நான் எழுதியிருக்கேன், போய்ப் படிங்க.